அகலமாக வளைத்திருக்க வேண்டும்

அன்று விருந்தினர் மாளிகைப் புல்வெளியில் இருந்தவர்கள் நான்கு பேர்: தோல் பேக்டரி முதலாளி, மேனேஜர், தோட்டக்காரர் முனுசாமி, பேக்டரி டிராக்டர் ஓட்டும் நான். மறுநாள் வெளிநாட்டுக்காரர்கள் தோல் வாங்க வருகிறார்கள் என்பதால், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டு வண்டியை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

"மேனேஜர் சொன்னாருன்னு காலையிலதான் தண்ணி உட்டேன். தரை ஈரமா கீது. ஓரத்துல ஒடிச்சித் திருப்பாத தம்பி, மெதுவா அகலமா வளைச்சி வா" என்றார் முனுசாமி.

"டிராக்டரையே நின்ன எடத்துல திருப்புறவன் நான். நீ போய்க் களை புடுங்கு" என்றேன்.

முதலாளி பார்க்கிறாரே என்ற படபடப்பில், வேகத்தைக் குறைக்காமல் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். உள்பக்கச் சக்கரம் ஒரே இடத்தில் நின்று அரைத்தது. புல் வேரோடு பாய்போலச் சுருண்டு வந்தது.

"இன்னாடா இது?" என்றார் முதலாளி.

நான் எட்டாவதோடு நின்றவன். இந்த வேலையும் போய்விட்டால் என்ற பயம் எப்போதும் உண்டு. "இவருதான் தண்ணிய ஜாஸ்தியா உட்டுட்டாரு" என்றேன்.

"மேனேஜர் சார்தானே உடச் சொன்னாரு" என்றார் முனுசாமி.

"நானா? வயசானா வாயும் நீளுது" என்றார் மேனேஜர்.

முனுசாமியின் அன்றைய நாள் சம்பளம் முந்நூறில் பாதியைப் பிடிக்கச் சொன்னார் முதலாளி. முனுசாமி மண்டியிட்டுப் பெயர்ந்த புல்லைக் கையால் பதித்தார். மீதியை நான் அவர் சொன்னபடியே அகலமாக வளைத்து வெட்டினேன். ஒரு புல்கூடப் பெயரவில்லை. முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார்.

முனுசாமியிடம் பிடித்த பணத்தை நான் அவருக்குக் கொடுத்தால் பொய்யை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று தள்ளிப்போட்டேன். அவருக்கு நான் தர வேண்டியது இன்றும் நூற்றைம்பது ரூபாய்.