பல் செட்காரரின் இடது கை

பியானோ முன்னால் உட்கார்ந்ததும் பல் செட்காரர் மூக்குக் கண்ணாடியை மாற்றுகிறார். பொய்ப்பல் இழைக்கிற கனத்த கண்ணாடி போய், தாள் படிக்கிற கண்ணாடி வருகிறது. பிறகு நகத்தில் ஒட்டியிருக்கும் மெழுகைச் சுரண்டுகிறார். அதற்கப்புறம்தான் சங்கீதம். பக்கத்து வீட்டில் இருக்கும் நான் முன்பெல்லாம் சன்னலைச் சாத்திவிடுவேன். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் அருகிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஐம்பத்தாறு வயதில் அவருக்கு ஜாஸ் பிடித்தது, சளி பிடிப்பதுபோல. பட்டறை வானொலியில் ஸ்விங் என்கிற பழைய ஆட்டப் பாட்டு ஒன்று ஓடியதாம், கால் தானாக ஆடியதாம். "பல்லை விட்டுட்டுக் காலையே பாத்துட்டு நின்னேங்க" என்கிறார்.

அவர் படிப்பது லீட் ஷீட் என்கிற ஒற்றைத் தாள். ஒரு காலத்தில் ஜனங்கள் ஜோடி ஜோடியாக ஆடிய பாட்டு முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது. கோட்டில் மெட்டு மட்டும். அதன் தலைக்கு மேல், எந்தச் சுரங்களைச் சேர்த்து அழுத்தலாம் என்று சொல்லும் ஓரிரு எழுத்துகள். இடது கை என்ன செய்யவேண்டும்? மூச். மீதியை வாசிப்பவரே போட்டுக்கொள்ளவேண்டும். எனக்கு இது, சமையல் குறிப்பில் 'உப்பு' என்று மட்டும் எழுதியதுபோல் பட்டது. அவருக்கோ கொண்டாட்டம். காலி இடம் கண்டால் பத்து விரலையும் இறக்கிவிடுவார்.

"கொஞ்சம் விட்டு விட்டு வாசிக்கலாமே?" என்றேன்.

"பல்லு நடுவுல சந்து விட்டா ஆளு அன்னிக்கே திரும்பி வந்துடுவாருங்க. பழகிப்போச்சு. காலியா இருந்தா கை அரிக்குது."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "பேச்சும் அப்படித்தான். நான் மூச்சு விட்டா அந்த இடத்துல ஒரு வார்த்தையப் போட்டுடுவாரு" என்றார்.

தனியாக வாசிக்கும்வரை வம்பில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நாற்காலிக் கடையின் பின்னறையில் அவரையும் சேர்த்து மூன்று பேர் கூடி வாசிக்கிறார்கள். டிரம்ஸ் அடிப்பவர் ரொட்டி சுடுகிறவர். ஆளைவிட உயரமான டபுள் பேஸை விரலால் சுண்டி வாசிப்பவர் பஸ் ஓட்டுகிற அம்மா. பாட்டின் அடிச்சுரம் அவர் பொறுப்பு. நம்மவரின் இடது சுண்டுவிரலோ போய்ப் போய் அதே அடிச்சுரத்தைத்தான் அழுத்தும். இரண்டும் சேர்ந்து கொழகொழவென்று ஆகிவிடும்.

"அண்ணே, என் தட்டுல ஏன் கை வைக்கிறீங்க?" என்று அந்த அம்மா பலமுறை கேட்டாயிற்று. போன வாரம் கறாராகவே சொல்லிவிட்டார்: "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம். தப்பா நினைக்காதீங்க."

அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "இதுவும் போச்சுன்னா எனக்குப் பட்டறையும் வீடும்தாங்க" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. துணைக்கு வரச் சொன்னார், போனேன்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவில் என்னை உட்காரவைத்தார்கள். முதல் பாட்டிலேயே சுண்டுவிரல் தன் வேலையைக் காட்டிவிட்டது. பஸ்காரம்மா பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

அடுத்த பாட்டுக்கு அவர் இடது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். வலது கை மட்டும்தான் வாசித்தது. அதுவும் பயந்து பயந்து, இங்கே இரண்டு சுரம், அங்கே மூன்று. நடுவில் ஒன்றுமில்லை. அந்தக் காலி இடத்தில் பேஸ் நிதானமாக நடந்து வந்தது, தும், தும், தும், தும் என்று. இத்தனை வாரமும் அது அங்கேதான் இருந்திருக்கும். ரொட்டிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. தப்பித்தோம் என்று பல் செட்காரர் கையை வெளியே எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தார். பஸ்காரம்மாவின் விரல்கள் நிற்கவில்லை.

"இன்னொரு சுத்து போலாம்ணே!"

அவர் அவசர அவசரமாக இடது கையை மறுபடி தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.