பசை விட்ட மேசைக்கால்

மரம் கடையும் லேத்தில் சுழன்றுகொண்டிருந்த மேசைக்கால் வெடித்துப் பறந்ததை நான் ஒரேயொரு தடவைதான் கண்டேன். இந்த ஆயுளுக்கு அது போதும். இப்போதும் எங்காவது பலகை படாரென்று விழுந்தால் என் கை தானாகவே முகத்தை மறைக்கிறது.

திருகோணமலையில் மீன்சந்தைக்குப் பின்னால் எங்கள் பட்டறை இருந்தது. எங்கள் என்றால், நானும் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு நானாவும். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் காலிசெய்தபோது ஏலத்தில் எடுத்த லேத்துதான் எங்கள் சொத்து. கடைவது என் வேலை. பலகை இழைப்பது, பொருத்துவது, ஒட்டுவது எல்லாம் நானா. மாட்டுத்தோலில் செய்த வச்சிரப் பசையை அவர் காய்ச்சும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். நான் வாய்க்காரன். யாரோடாவது சண்டை பிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நானாவுக்குக் கோபம் வருவதோ ஒரே விஷயத்தில்தான், அவருடைய பசையைக் குறை சொன்னால். "என்ட பசை விட்டா நான் இந்தத் தொழிலையே விட்டுடுறன்" என்று சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

ஒருநாள் சம்பூரிலிருந்து ஓர் அம்மா லாஞ்சிப் படகில் பலகை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவருடைய புருசன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். ஆளில்லாத தோணிதான் கரை ஒதுங்கியது. அதை விற்க மனமில்லாமல் எத்தனையோ வருசமாக வீட்டு வளவுக்குள் கவிழ்த்து வைத்திருந்திருக்கிறார். மகளுக்குக் கலியாணம் சரிவந்ததும் பிரித்து எங்களிடம் கொண்டுவந்துவிட்டார். மகளுக்குக் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு வட்டமேசை வேண்டுமாம்.

"தேப்பன் இல்லாத பிள்ளை, தம்பி. அவர்ர தோணியாவது அந்த வீட்டில நிக்கட்டும்" என்றார்.

மேசைக்கு நடுவில் ஒரே கால், தடித்த கால். தோணிப் பலகையோ மெல்லியது. அதனால் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தடிப்பாக்கி, பிறகு கடையவேண்டும். தோணிக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். எண்ணெய் பட்ட மரத்தில் பசை பிடிக்காது என்பது நானாவுக்குத் தெரியாததா? "இது கரையேறி எவ்வளவு காலம், எண்ணெய் எப்பவோ காய்ஞ்சிருக்கும்" என்று கணக்குப் போட்டார். இழைத்த பலகையும் சுத்தமாகத்தான் இருந்தது. மணந்து பார்த்திருக்கலாமே என்பீர்கள். மீன்சந்தைக்குப் பின்னால் குடியிருக்கும் மூக்குக்கு மீன்வாடை எப்படித் தெரியும்?

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் ஒட்டிய மேசைக்காலை லேத்தில் ஏற்றினேன். மூலைகள் ஒழுங்காகச் சீவுப்பட்டு உருண்டை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தாயும் மகளும் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார்கள். "எட்ட நில்லுங்கோ" என்று நான் கத்தினேன். தாய் நின்றுவிட்டார். மகள் மட்டும், தகப்பனின் தோணி சுழல்வதைக் கண்கொட்டாமல் பார்த்தபடி, கிட்டக் கிட்ட வந்துவிட்டாள். மேசைக்காலின் கழுத்துப் பகுதியைக் குடைய நான் உளியை வைத்தேன்.

பட்டென்று ஒரு சத்தம். பாதிக் கால் என் தோளைத் தாண்டிப் பறந்து தகரச் சுவரைப் பிய்த்துக்கொண்டு போனது. உளி என் கையில் இல்லை. மோட்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்ற அறிவுகூட எனக்கு வரவில்லை, நானாதான் ஓடிவந்து நிறுத்தினார். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு காதில் தோடு இல்லை, கழுத்து வழியே இரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. அது கண்ணில் பட்டிருந்தால்? நெற்றியில் பட்டிருந்தால்? நான் தரையில் குந்திவிட்டேன்.

தாய் அழவில்லை. சேலைத் தலைப்பால் மகளின் காதைப் பொத்திக்கொண்டு, "அவர்ர தோணி அவர்ர பிள்ளையை அடிக்குமே, தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அடிக்கும்! தோணிக்கு ஆரைத் தெரியும்? எட்ட நில்லுங்கோ எண்டு சொன்னனான் எல்லோ!" என்று கத்தினேன். பயத்தில் வந்த கோபம் அது.

நானா உடைந்த துண்டை எடுத்தார். மரம் முறியவில்லை. ஒட்டிய இடம் அப்படியே விட்டிருந்தது, பசை தோல் மாதிரி உரிந்து தொங்கியது. பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னார்: "பழைய எண்ணெய் இல்ல தம்பி. புதுசு."

அது எப்படி என்று நான் விழித்துக்கொண்டிருக்க, ஒருவரும் கேட்காமலே தாய் சொல்லத் தொடங்கினார். "நான் என்ன குறை வைச்சனான்? கடலுக்குப் போகாத தோணியெண்டு விடேல்ல. வருசா வருசம் எண்ணெய் பூசினனான். இங்க அனுப்ப ஒரு கிழமைக்கு முதலும் சூடாக்கி, ஒவ்வொரு பலகையா ஊற ஊறப் பூசித்தான் அனுப்பினனான். கலியாண வீட்டுக்குப் போறது, காய்ஞ்ச முகத்தோட போகலாமே? பிறகேன் இப்பிடி உடைஞ்சது?"

மகளைக் கொல்லப் பார்த்தது இந்தத் தாய் அன்பாகப் பூசிய எண்ணெய். கிட்ட நின்ற மகளுக்கு நானா சொன்னதும் கேட்டிருக்கவேண்டும், அது விளங்கிவிட்டது. அவள் முகம் வெளுத்த விதத்தில் தெரிந்தது. காதைப் பிடித்தபடி எங்கள் இரண்டுபேரையும் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. என் வாய் அதற்குள் திறந்துவிட்டது. "எண்..." என்றதும் நானா என் தோளை அழுத்தினார்.

"என்ட பசைதான் பிழைச்சிட்டு, தங்கச்சி" என்றார். "சரியாக் காய்ச்சேல்ல."

மேசைக்கால் வெடித்தபோதுகூட நான் அப்படித் திடுக்கிடவில்லை. வேறொருவர் அதைச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார் அந்த மனிதர்.

பிறகு அவர் பலகைகளின் ஒட்டிய பக்கங்களையெல்லாம் பிரித்து, சலவைச் சோடாவும் கொதிதண்ணீரும் விட்டுத் தேய்த்து, வெயிலில் போட்டு, மறுபடி இழைத்து ஒட்டினார். இந்தமுறை குறுக்கே மர ஆணிகளும் இறுக்கினார். கடைந்து முடியும்வரை ஒருவரையும் நான் பட்டறைக்குள் விடவில்லை. மேசை கலியாணத்துக்கு முதல்நாள் சம்பூர் போய்ச் சேர்ந்தது.

கலியாணத்துக்கு நாங்கள் இரண்டுபேரும் போனோம். வருகிறவர்களுக்கெல்லாம் தாய் மேசையைக் காட்டி, "முதல் செய்தது உடைஞ்சு பிள்ளையின்ர காதைக் கிழிச்சுப்போட்டுது. பசை சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேசைக்கால் பளபளவென்று மின்னியது. கிட்டப் போனேன், எண்ணெய். கழுத்துக்குக் கீழே சொட்டி நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு நானா என் கையைப் பிடித்துக்கொள்ளாதிருந்தால் கலியாண வீடு கலவர வீடாகியிருக்கும்.

தாலி கட்டி முடிந்து, காதில் கட்டுத்துணியோடு பெண் பெரியவர்களை வணங்கிக்கொண்டு வந்தாள். நானாவுக்கு முன்னால் வந்ததும் பொத்தென்று காலில் விழுந்துவிட்டாள். நானா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து, "எங்களுக்கு இது ஆகாது மகள், எழும்புங்க, எழும்புங்க" என்றார். அவள் எழும்பவில்லை. கடைசியில் குனிந்து அவள் தலையில் கைவைத்தார்.

தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "பசை சரியில்லாட்டியும் மனுசன் நல்ல மனுசன்" என்றார்.

"ஓம்" என்றார் நானா.