உள்ளூர்ப் படகோட்டி ஒருவர்

ஐரோப்பாவிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த அந்தப் பெண் எங்கள் கரையில் ஒரு வருடம் இருந்தார். தோணி என்னுடையது. காலையில் வாவியின் வடக்கு முனைக்குப் போவோம். அவர் மானியைத் தண்ணீரில் இறக்கி, அது காட்டும் எண்களைச் சொல்லுவார். உப்பு எவ்வளவு, ஒட்சிசன் எவ்வளவு என்று நான் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பியில் எழுதுவேன். கோடையில் ஒட்சிசன் இறங்கி, மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்த நாட்களையும் நான்தான் எழுதினேன்.

போகும்போது கொப்பியைக் கேட்டார். கருவாட்டுப் பொதியோடு சேர்த்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் ஒரு படிவம் நீட்டினார். ஒரு வருடம் எங்கள் வீட்டு மீன்குழம்பைச் சாப்பிட்டவரிடம், பொறுங்கள், வாசித்துவிட்டு வைக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நன்றாக வளைத்து, கீழே கோடும் இழுத்துக் கையெழுத்து வைத்தேன்.

மூன்று வருடம் கழித்து, அதே வடக்கு முனையில் இறால் பண்ணை போட ஒரு கம்பனி விண்ணப்பித்தது. பண்ணைக் கழிவு வாவிக்குள்தான் விழும். கோடையில் ஏற்கெனவே மூச்சுத் திணறும் தண்ணீர் அது. கழிவும் சேர்ந்தால் எங்கள் கரையில் வலை போடுகிற ஒருவருக்கும் தொழில் மிஞ்சாது. பிரதேச செயலகம் ஆட்சேபணைக் கூட்டம் வைத்து, ஆதாரத்தோடு வரச் சொன்னது. மீனவர் சங்கச் செயலாளர் நான்.

“ஆதாரமா? அது என்ர கையெழுத்திலயே கிடக்கு,” என்று சங்கத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினேன்.

அந்தப் பெண்ணின் ஆராய்ச்சிக் கட்டுரை கிடைத்தது. தலைப்பில் எங்கள் வாவியின் பெயர், சுருக்கம் நாலு வரி, அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். வாசிக்க டொலர் கட்ட வேண்டுமாம். மகளின் வங்கி அட்டையை அந்தத் தளம் ஏற்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். அன்பாகத்தான் பதில் போட்டார்: கட்டுரையின் பதிப்புரிமை வெளியீட்டாளருக்கு, கொப்பி பல்கலைக்கழகத்துக்கு, மன்னிக்க வேண்டும். கூடவே, கொப்பியை முழு உரிமையோடு கொடுத்துவிட்டேன் என்கிற அந்தப் படிவம். கீழே என் கையெழுத்து, கோட்டோடு.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. தேநீரில் உப்புப் போட்டுக் குடித்தேன். சங்கத் தலைவர் தெருவில் வருவதைக் கண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“அங்க என்ன செய்றீங்க?” என்றாள் மனைவி.

“முட்டை கிடக்கா எண்டு பாக்கன்.”

“நிக்கிற நிலையப் பாத்தா நீங்கதான் இடப்போற மாதிரிக் கிடக்கு.”

கூட்டத்தில் கம்பனியின் ஆலோசகர் அந்தக் கட்டுரையை வைத்திருந்தார். முழுசாக, வழுவழுப்பான தாளில். மாரி மாத எண்களை மட்டும் வாசித்து, “வெளிநாட்டுப் பல்கலைக்கழகமே சொல்லுது, தண்ணி நல்லாயிருக்கு,” என்றார்.

“கோடை மாதத்தையும் வாசிங்க,” என்றேன்.

“அது இங்க தேவையில்ல.”

“அப்ப ஒரு பிரதி தாங்க.”

“பதிப்புரிமை இருக்கு. குடுக்க ஏலாது.”

பக்கத்திலிருந்த என் மச்சான் எழும்பினான். “ஐயா, அந்த எண்ணெல்லாம் எழுதினதே இவன்தான்.”

“பேர் இருக்கா?” என்று பிரதேச செயலாளர் கேட்டார்.

ஆலோசகர் கடைசிப் பக்கத்தைப் புரட்டித் தமிழாக்கியே சொன்னார்: “உள்ளூர்ப் படகோட்டி ஒருவருக்கு நன்றி.”

யாரோ சிரித்தார்கள். வழக்கமாகச் சபையில் சிரிப்பை வரவழைக்கிறவன் நான். அன்றைக்கு எனக்குக் காது அடைத்தது. எங்கள் தண்ணீர், என் தோணி, என் எழுத்து. அதை வாசிக்க நான் கெஞ்ச வேண்டும், எங்களைக் கரையிலிருந்து எழுப்பப் போகிறவன் எச்சில் தொட்டுப் புரட்டுவான். எங்களிடம் வாங்கும்போது அறிவு உலகத்துக்குப் பொது என்கிறார்கள். நாங்கள் கேட்டால் உடனே அதற்கு ஒரு சொந்தக்காரன் வந்துவிடுகிறான். அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவனும் எங்கள் தண்ணீரில் கால் நனைத்ததில்லை.

எழுந்து போய் ஆலோசகர் கையிலிருந்து கட்டுரையைப் பறித்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குக் கண்ணாடி வாய்வரை இறங்கிவிட்டது. கோடை அட்டவணையைத் தேடிப் பிடித்து, கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, “யூன் மாதம், வடக்கு முனை, ஒட்சிசன்,” என்று சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

“இது சட்டவிரோதம்,” என்றார் ஆலோசகர்.

“தங்கச்சி, என்னைக் கள்ளன் எண்டு குறிப்பில எழுதுங்க. எண்ணையும் எழுதுங்க.”

அவள் பிரதேச செயலாளரைப் பார்த்தாள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். யூன் முடிந்தது. யூலையும் முடிந்தது. ஆலோசகர் தாளை இழுக்கக் கை நீட்டியபோது, அவள் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

“யூலைக்குப் பிறகு, ஐயா?”