முன்னால் இருக்கும் வண்டிக்கு எடை

மூன்றாவது பந்தயம் முடிந்த மறுவாரம், என் மகளின் காரில் அறுபது கிலோ இரும்பு ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஐந்து பந்தயங்கள் கொண்ட பருவம் அது. நடந்த மூன்றிலும் அவளே முதலாவதாக வந்திருந்தாள்.

கார்ப் பந்தயம் என்றதும் தார்த் தடத்தையும் பளபளக்கும் வண்டிகளையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடையே, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய ஒரு மேட்டுக்காட்டில் மண்ணைச் சமன்செய்து, ஓரங்களில் தேய்ந்த லாரி டயர்களை அடுக்கி உண்டாக்கிய தடம். ஓடுபவை, சாலையில் பதினைந்து வருஷம் உழைத்து ஓய்ந்த சின்னக் கார்கள். கண்ணாடிகளைக் கழற்றி வலை கட்டிவிட்டு, ஓட்டுபவரைச் சுற்றி இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வைப்பார்கள். இன்ஜினில் கை வைக்கக் கூடாது. ஜனவரி தொடங்கி மாதத்தில் ஒரு ஞாயிறு. நிலம் ஒரு கோழிப்பண்ணை முதலாளியுடையது. பந்தயத்தை நடத்துவதும் அவரே.

பருவத்தில் முதலிடம் பெறுபவருக்கு, கோயம்புத்தூரில் பெரிய தடத்தில் ஓட்டும் ஒரு குழு ஒரு வருஷப் பயிற்சிக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. என் மகளுக்கு வேண்டியது அந்த இடம். பொறியியல் படித்துவிட்டு, நாமக்கல்லில் என் தம்பி வைத்திருக்கும் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்துகொண்டே இதற்குத் தயாரானவள். எனக்கு வேண்டியது, அவள் முழுசாக வீடு வந்து சேர்வது. அவள் அப்பா போர்வெல் துளைக்கும் ரிக் ஒன்றோடு வடக்கே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே அவரும் இங்கே தடத்தோரம் நானும் உட்கார்ந்திருப்போம்.

விதியை மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மகள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். பேசத் தெரிந்தவள் என்பது அவள் எண்ணம். பண்ணை முதலாளியின் கோழித்தீவன ஆலை அலுவலக அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். இரண்டாம் இடத்தில் இருந்த பையனின் அப்பா எதிரில் இருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் நாலு ரிக் வைத்திருப்பவர்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க," என்றுதான் ஆரம்பித்தார். "அம்மிணி அம்பது கிலோ கூட இருக்காது. என்ற பையன் எம்பத்தஞ்சு. வண்டி ஒண்ணேதான், இஞ்சினும் ஒண்ணேதான். அப்பறம் யாரு முன்னால போவாங்க?"

"அவ ஜனவரியிலயும் அம்பது கிலோதானுங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"அப்ப அம்மிணி ஜெயிக்குமுன்னு யாருங்க நெனச்சா?"

சிலர் சிரித்தார்கள். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதுதான் என்னை அதிகம் சுட்டது.

கூட வந்திருந்த என் தம்பியால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்க பையன் பிரியாணி தின்னு ஏத்துன வெயிட்டுக்கு எங்க புள்ள இரும்பு சுமக்கோணுமாங்க?"

"சண்டை வேண்டாமுங்க," என்றார் பண்ணை முதலாளி. "அம்மிணிக்குன்னு போட்டா அது அநியாயம். யாரு முன்னால இருக்காங்களோ அவிங்களுக்கு. இன்னைக்கு அம்மிணி, நாளைக்கு வேற ஒருத்தரு. பொது விதி."

அரையாண்டுத் தேர்வில் முதலாவதாக வந்த பிள்ளைக்கு மட்டும் முழு ஆண்டுத் தேர்வில் கடினமான வினாத்தாள் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

"ஸ்கூல் வேறங்க டீச்சர். ஸ்கூலுக்குக் கூட்டம் வரத் தேவையில்ல. யாரு ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சுபோச்சுன்னா இந்த வெயில்ல எவன் வந்து நிப்பான்?"

எதிரில் இருந்தவர்களை என்னால் முழுக்க வெறுக்க முடியவில்லை. அவள் எடை குறைவு என்பது உண்மை. எடை ஒரு விஷயம் என்பதும் உண்மை. ஜனவரியில் சொல்லியிருந்தால் நானே நியாயம் என்றிருப்பேன். ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லைக் கோட்டை நகர்த்துகிறார்கள் என்பதுதான் வாதம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் மகள் எழுந்துவிட்டாள்.

"சரிங்க. ஏத்திக்கறேன்," என்றாள். வெளியே வந்ததும், "கெஞ்சற மாதிரி இருந்துச்சும்மா," என்றாள்.

வித்தியாசம் முப்பத்தைந்தே ஆனாலும், அறுபது கிலோ என்றுதான் விதியில் இருந்தது. எங்கே வைப்பது, எப்படிப் பொருத்துவது என்று ஒரு வார்த்தை இல்லை. எடை மேடையில் கார் ஏறி நின்றால் கணக்கு சரியாக வர வேண்டும், அவ்வளவுதான்.

என் தம்பி ரிக் பட்டறை ஒன்றிலிருந்து தேய்ந்த பிட்டுகள் மூன்றை வாங்கிவந்தான். பிட் என்பது பாறையைத் துளைக்க ரிக்கின் முனையில் மாட்டும் இரும்புத் தலை. பார்க்க ஒரு குடம் அளவுகூட இருக்காது. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவற்றை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை இருந்த இடத்தில் வரிசையாக வைத்து, லாரிச் சங்கிலியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நெம்புகோலால் இறுக்கினான். சங்கிலி 'டிங்' என்று ஒலித்தது.

"ஆடாதாடா?" என்று கேட்டேன்.

"அக்கா, இதே கட்டுல பதினஞ்சு டன்னு இரும்பு ராஜஸ்தான் போகுது. இது அறுபது கிலோ. சும்மா இரு."

அவன் சொன்னது பொய் இல்லை. எங்கள் ஊரில் லோடு கட்டத் தெரியாத பட்டறைக்காரன் கிடையாது. அந்தக் கட்டைப் பார்த்த எவருக்கும் சந்தேகம் வரவில்லை. பண்ணை முதலாளியே சங்கிலியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பக்கா," என்றார்.

நான்காவது பந்தயத்தன்று தூசி அடங்கத் தண்ணீர் லாரி வந்து தடத்தை நனைத்துவிட்டுப் போனது. மூன்றாவது வளைவில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகத் தேங்கி, முன்னால் ஓடிய வண்டிகள் அங்கே ஒரு பள்ளம் பறித்துவிட்டிருந்தன. நான் ஷாமியானாவின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகளின் கார் முந்தைய பந்தயங்களில் போல வளையவில்லை. ஒவ்வொரு வளைவிலும் இடப்பக்கம் இழுபட்டு, அவள் அதைத் திருப்பிக் கொண்டுவருவது தெரிந்தது. ரிக் முதலாளியின் பையன் அவளை ஒட்டியே வந்தான். மூன்றாவது வளைவில் அவளுடைய இடப்பக்க முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. பக்கவாட்டில் விழுந்து, கூரை மேல் புரண்டு, மறுபடி சக்கரங்களில் வந்து நின்றது.

நான் ஓடினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில் இருப்பது, செருப்பில்லாத காலில் ஈர மண் அப்பியதும், வலைக்கு வெளியே அவள் கை ஒன்று வந்து கட்டைவிரலைக் காட்டியதும்தான்.

தோளில் அடி. வேறு ஒன்றுமில்லை. அவளைத் தூக்கி வெளியே உட்கார வைத்த பிறகுதான் காருக்குள் சங்கிலி தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தோம். ஒரு பிட் முன்பக்க வலையைக் கிழித்துக்கொண்டு போய் மண்ணில் புதைந்திருந்தது. ஒன்று வைத்த இடத்தருகே கிடந்தது. மூன்றாவதைக் காணவில்லை. தம்பி குனிந்து உள்ளே தேடினான். அது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், அவள் தலை சாயும் இடத்துக்கும் கூண்டுக் குழாய்க்கும் நடுவே சிக்கியிருந்தது. அவன் கையை வைத்து இழுத்தான். வரவில்லை. கையை எடுத்துவிட்டு, டயர் அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தான்.

"வண்டி தலைகீழாப் பொரளுமுன்னு யாருக்கா நெனச்சா," என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

லாரிக்குக் கட்டும் கட்டு, சுமையின் எடையை நம்பிக் கட்டுவது. பாரம் கீழே அழுத்தும்வரைதான் சங்கிலிக்கு இறுக்கம். லாரி கவிழ்ந்தால் லோடு போனது போனதுதான். கட்டுகிறவன் அதற்கு மேல் யோசிப்பதில்லை. எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். அதனால்தான் அத்தனை பேர் பார்த்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஷாமியானாவுக்குள் கூடினார்கள். மகள், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் கொடுத்த ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பந்தயத்தை முடிக்காததால் அதற்குப் புள்ளி இல்லை. ரிக் முதலாளியின் பையன் அன்று ஜெயித்து, மொத்தத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டான். கடைசிப் பந்தயத்தில் என் மகள் முதலாவதாகவும், அவன் மூன்றாவதாகவோ அதற்குக் கீழோ வந்தால்தான் கோயம்புத்தூர் அவளுக்கு. இதை அங்கே எல்லோரும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். விதிப்படி இனி இரும்பு ஏற வேண்டியது அவன் வண்டியில் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ரிக் முதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார். "வெயிட்ட எடுத்துடலாமுங்க. வேண்டாமுங்க இந்த வம்பு."

"அதெப்படிங்க?" தம்பி எழுந்துவிட்டான். "எங்க புள்ள மேல இருந்தப்ப இனிச்சுது, உங்க பையன் மேல வந்ததும் கசக்குதா?"

"டேய், உன்ற அக்கா மகளுக்கு வேண்டித்தாண்டா சொல்றேன்!"

"இப்ப அவ வண்டில வெயிட்டே இல்லீங்களே!"

பையன் அப்பாவுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி நின்றான். இருபத்திரண்டு வயசு இருக்கும். அவன் கழுத்தையும் பின்தலையையும் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எடுத்துடுங்க," என்றேன். "அவர் சொல்றது சரிங்க."

என் மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ பேசாத."

"கண்ணு, அந்த இரும்பு எங்க இருந்துச்சுன்னு பாத்தியா?"

"பாத்தேன். நடுவுல மாத்தக் கூடாதுன்னு அன்னைக்கு நீதான சொன்ன? அன்னைக்கு அவங்களுக்கு வேண்டி மாத்துனாங்க. இன்னைக்கும் அவங்களுக்கு வேண்டியே மாத்தோணுமா? பருவம் முடியற வரைக்கும் இருக்கட்டும்."

"உசுருக்கும் விதிக்கும் வித்தியாசம் இல்லையா?"

"உசுருன்னா நல்லா மாட்டச் சொல்லு. எடுக்கச் சொல்லாத."

ஐம்பது பேர் முன்னால் எங்கள் வீட்டுச் சண்டை நடந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் அவளுக்கு லாபமாகவும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. பண்ணை முதலாளி, எடை இருக்கும், ஆனால் தரையோடு போல்ட் போட்டுப் பூட்ட வேண்டும் என்றார்.

"அப்படின்னா அந்தப் பையன் வண்டில என்ற தம்பிதான் பூட்டோணும்," என்றேன்.

"எதிரி பட்டறைலயாங்க?" என்றார் ரிக் முதலாளி.

"எங்கே தப்பு நடக்கும்னு இப்ப அவனுக்குத்தாங்க தெரியும்."

பையன் முதல் தடவையாகப் பேசினான். "அவரே பண்ணட்டும்ப்பா."

அந்த மாதம் முழுக்க மேசை நகரும் சத்தத்துக்குக்கூடத் திடுக்கிட்டேன். தம்பி பட்டறையில் வேறு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, கனத்த தகட்டில் ஒரு பெட்டி செய்து, இரும்பை அதற்குள் அடக்கி, மூடி போட்டு, பையனின் காரில் நட்டநடுவே, தரையோடு தரையாகப் பூட்டினான். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். அதன் மேல் ஏறி நின்று குதித்தும் காட்டினான்.

கடைசிப் பந்தயத்தில் யாரும் புரளவில்லை. என் மகள் முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டாள். நான் அவளைப் பார்த்ததைவிட அந்தப் பையனைத்தான் அதிகம் பார்த்தேன். நேர்ப்பாதையில் பின்தங்கினான். வளைவுகளில் அவன் கார் மண்ணோடு ஒட்டிக்கொண்டு போனது. மூன்றாவதாக வந்த வண்டி இரண்டு முறை அவனை உரசியும் அசையவில்லை. அவள் முதலாவது, அவன் இரண்டாவது. பருவம் அவனுக்கு.

எடை மேடையில் அவன் காரை ஏற்றினார்கள். குறைவாகக் காட்டினால் எல்லாம் மாறிவிடும். என் மகள் அந்தச் சிவப்பு எண்களைக் கண் கொட்டாமல் பார்த்தாள். என் தம்பி பார்க்கவே இல்லை. அவன் பூட்டியது அல்லவா.

"சரியா இருக்குங்க," என்று அவளே சொன்னாள். பையனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு எங்களிடம் வந்தாள்.

"மாமா, வெயிட்ட நடுவுல, தரையோட வெச்சா வண்டி வளைவுல நல்லா நிக்குமுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சாமி."

"தெரிஞ்சேவா பண்ணுன?"

"வேற எங்க வெக்கறது? ஓரத்துல வெச்சுத்தான பாத்தோம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள். அவளைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

சங்கிலியில் கட்டாமல் முதலிலேயே நடுவில் பூட்டியிருந்தால், அந்த விதியே அவளுக்குச் சாதகமாகக்கூடப் போயிருக்கும் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் அது அநியாயம் இல்லையா? எங்களுக்கு யோசிக்க நேரம் கொடுக்காததுதானே அநியாயம்? வகுப்பில் எவ்வளவோ கணக்குகளுக்கு விடை எழுதிப் போட்டிருக்கிறேன். இதை எந்தப் பக்கம் இருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

பையன் கோயம்புத்தூர் போய்விட்டான். போன வாரம் பட்டறைக்குப் போனபோது, என் மகள் தன் காரின் தரைக்குக் கீழே படுத்திருந்தாள். தம்பி மேலிருந்து ஒரு இரும்புப் பெட்டியைத் துளைகளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தான். யாரும் ஏற்றச் சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கு விதிகள் இன்னும் வரவே இல்லை.

"வெயிட்டு போடறதா இருந்தா முதல் பந்தயத்துலயே நானே போட்டுக்கறேன்," என்றாள் கீழே இருந்து. "நடுவுல எவனும் வந்து சொல்ல வேண்டாம்."

இனிப் பந்தயமே வேண்டாம் என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர்கள் பூட்டி முடித்ததும், பட்டறைத் தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்து, நாலு நட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். மூன்று அசையவில்லை. நான்காவது கால் சுற்று இடம் கொடுத்தது.