மாமாவின் பேரில் இருந்த இலக்கம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மா, தங்கச்சி, நான். அப்பா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அம்மாவின் தமையன், எங்கள் மாமா, இத்தாலியிலேயே இல்லை. அவர் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்ப் பல வருடங்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் முதலில் அவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

அம்மாவின் குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு பத்திரம் குறைகிறது என்று அலுவலகம் எழுதியிருந்தது. கொழும்பிலிருந்து வரவேண்டிய பொலிஸ் சான்றிதழ். அதை இணையத்தளத்தில் ஏற்றுவதற்குத் தந்த தவணை அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி. பிறகு எல்லாம் முதலிலிருந்து, இன்னொரு நீண்ட காத்திருப்பு. வீட்டு வேலை முடித்து வந்து, களைப்போடு இத்தாலியன் படித்து, மொழிப் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறியவர் அம்மா.

சான்றிதழ் வெள்ளி பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. சனி காலை, அரச தளங்களுக்கெல்லாம் சாவியான அம்மாவின் அடையாளக் கணக்குக்குள் நுழையப் போனேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் வரை வந்த முதல் ஆள் நான் என்பதால் எல்லாருடைய கடவுச்சொல்லும் என் பொறுப்பு. கடவுச்சொல் சரி. அடுத்து அம்மாவின் கைபேசிக்கு ஒரு குறியீடு வரவேண்டும். வரவில்லை. மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது கணக்கே பூட்டிக்கொண்டது.

அம்மாவின் கைபேசியை வாங்கிப் பார்த்தேன். சேவை இல்லை என்று காட்டியது.

"இது எப்ப தொடக்கம் இப்பிடிக் கிடக்கு?"

"ரெண்டு மூண்டு நாளா ஒருத்தரும் கோல் எடுக்கேல்லை. நிம்மதி எண்டு விட்டிட்டன். வைஃபையிலை வீடியோ எல்லாம் ஓடுது, பிறகென்ன?"

அடுத்தவரின் இலக்கத்தைத் தங்கள் சிம்முக்கு மாற்றிக் கணக்குகளைக் களவெடுக்கும் ஆட்களைப் பற்றி நான் வாசித்திருந்தேன். அப்போதுதான் தங்கச்சி கேட்டாள்: "அந்த சிம் அம்மாவின்ரை பேரிலையே கிடக்கு?"

இல்லை. அம்மா வந்த புதிதில் அவருக்குப் பெர்மெஸ்ஸோ, வதிவிடப் பத்திரம், இல்லை. அந்தப் பத்திரம் வைத்திருந்த ஒருவர் தன் பேரில் சிம்கள் வாங்கிக் கொடுக்க நாலு வீட்டார் பேசிய காலம் அது. எங்களுக்கு அந்த ஒருவர் மாமா. அந்த இலக்கத்தைத்தான் அம்மா இன்றுவரை எல்லா இடத்திலும் கொடுத்து வந்தார்.

மாமாவுக்கு அழைத்து அந்த சிம்மைப் பற்றிக் கேட்டேன்.

"அதோ? நான் மூடிப்போட்டனடா."

"ஏன் மாமா?"

"ஆரோ என்ரை பேரிலை அங்கை கடன் எடுக்கப் பாத்திருக்கிறாங்கள். மகள்தான் சொன்னவள், இத்தாலியிலை உங்கடை பேரிலை கிடக்கிற எல்லாத்தையும் மூடுங்கோ எண்டு. நாலு நம்பர் கிடந்தது. எது ஆரிட்டை எண்டு எனக்கு ஞாபகமே?"

அவருடைய மகள் சொன்னது சரியான ஆலோசனை. நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அம்மா கைபேசியைப் பறித்தார்.

"அண்ணை, உங்கடை பேரைக் காப்பாத்தப் போய் என்ரை வாயை அடைச்சுப்போட்டியள்."

"திரும்ப எடுத்துத் தரட்டே பிள்ளை?"

"அதுக்கு நீங்கள் பாஸ்போட்டோடை இஞ்சை கடையிலை வந்து நிக்கவேணுமாம். வரேக்கை தேயிலையும் கொண்டுவாங்கோ."

கணக்கில் இலக்கத்தை மாற்றலாம். ஆனால் பூட்டைத் திறக்கவும் மாற்றவும் பழைய இலக்கத்துக்குத்தான் குறியீடு வரும். மிச்சம் இருந்தது ஒரே வழி: புது சிம், புது அடையாளக் கணக்கு. வரி இலக்கம் ஒன்றே என்பதால் பழைய விண்ணப்பம் புதுக் கணக்கிலும் தெரியும். காசு கட்டினால் வீடியோ அழைப்பில் அன்றைக்கே ஆளைச் சரிபார்ப்பார்கள். பின்னேரம் ஒரு நேரம் காலியாக இருந்தது. அதை விட்டால் திங்கட்கிழமை.

அம்மாவும் நானும் பல்லாரோ சந்தைச் சனத்துக்குள் இடித்துக்கொண்டு பங்களாதேஷ்காரரின் கடைக்குப் போனோம். அம்மா தன் பேரில் வாங்கிய முதல் சிம் அது. திரும்பி வந்து அழைப்பின் விதிகளை வாசித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அறையில் வேறு ஒருவரும் இருக்கக் கூடாது. வேறு குரல் கேட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

"கெஸ்தூரா பொலிஸ் கந்தோரிலையும் நீதானே எனக்காகக் கதைச்சனீ," என்றார் அம்மா.

"இதிலை நான் கதைச்சா எல்லாம் போச்சு."

"ட்ரன்குயில்லா அம்மா, பதறாதேயுங்கோ," என்றாள் தங்கச்சி. "பரீட்சையிலை தனியத்தானே கதைச்சனீங்கள்."

"ரெண்டு தரம் தனியக் கதைச்சுத்தான் ஃபெயில் விட்டனான்."

அம்மாவை மேசைக்கு முன்னால் இருத்திவிட்டு, நாங்கள் இருவரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். ஒரு பெண்ணின் குரல் கேட்டது. வேகமான வடக்கு இத்தாலியன். பெயர், பிறந்த இடம், அடையாள அட்டை, அட்டையின் பின்பக்கம். அம்மா மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் பதில் சொல்லிக்கொண்டு போனார்.

"உங்கள் கைபேசி இலக்கம்?"

அம்மா சொல்லத் தொடங்கினார். முதல் மூன்று எண்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பழைய இலக்கம். தூக்கத்தில் கேட்டாலும் அம்மா அதைத்தான் சொல்வார். தங்கச்சி வாயைத் திறந்தாள். என் கையால் பொத்தினேன். அவளுடைய மூச்சு என் உள்ளங்கையில் சுட்டது.

"இங்கே பதிந்திருப்பது வேறு இலக்கமாயிற்றே, சிஞ்ஞோரா."

தங்கச்சி என் கையைத் தள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை.

"மன்னியுங்கள், சிஞ்ஞோரினா," என்று அம்மா இத்தாலியனில் சொன்னார். "அது என் அண்ணனுடையது. இது என்னுடையது."

போச்சு என்று நினைத்தேன். இன்னொருவரின் இலக்கம் என்றால் அந்தப் பெண் துருவுவாள், சந்தேகப்படுவாள், துண்டித்துவிடுவாள். விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. அப்படியென்றால் உங்களுடையதைச் சொல்லுங்கள்."

பிளாஸ்டிக் கடதாசி சரசரத்தது. அம்மா சிம் வந்த உறையைத் தன் மடியிலேயே வைத்திருந்திருக்கிறார். அதைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.

கணக்கு திறக்கச் சில வேளை ஒரு நாள் ஆகலாம் என்று எழுதியிருந்தது. நாங்கள் மடிக்கணினியைச் சுற்றி இருந்தோம். யாரும் சாப்பிடவில்லை. தேவாலய மணி அடித்து ஓய்ந்த பிறகு புது இலக்கத்துக்கு முதல் குறியீடு வந்தது. அதை நான் தட்டவில்லை, அம்மாவே தட்டினார். விண்ணப்பம் அங்கே அப்படியே இருந்தது. சான்றிதழை ஏற்றினேன். கிடைத்தது என்று ரசீது வந்ததும் தங்கச்சி என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள், வாயைப் பொத்தியதற்கு.

அம்மா புது இலக்கத்தில் மாமாவுக்கு அழைத்தார். அவர் எடுக்கவில்லை. தெரியாத இலக்கத்தை எடுக்க வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் தடவைதான் எடுத்தார்.

"ஆர் கதைக்கிறது?"

"நான்தான் அண்ணை. இது என்ரை நம்பர். காகிதம் ஏத்தியாச்சு."

மாமா மூச்சு விட்டது எங்களுக்கும் கேட்டது. "சொறி பிள்ளை. காசு எவ்வளவு முடிஞ்சுது?"

"சிம்முக்குப் பத்து, வீடியோவுக்கு இருபத்தைஞ்சு," என்றார் அம்மா. "முப்பத்தைஞ்சு யூரோ."