மன்னிப்பில் வந்த முகம்

மண்ணூர்பேட்டை டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல், முன்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு டீ குடிப்பவர் அவர் ஒருவர்தான். பிள்ளை பிடிப்பவன் என்று ஒரு செய்தி சேனல் தவறுதலாக அவர் படத்தைக் காட்டியிருந்தது. ஸ்கூல் வேன் ஓட்டும் வேலை அன்றே போயிற்று.

முதலில் சேனலுக்கே புகார், பதினைந்து நாளில் அவர்கள் முடிவு, பிறகு மேல்முறையீடு என்பது சட்டம். அதே கடையில் டீ குடிக்கும் பழக்கத்தில் அவருக்கான புகாரை நானே எழுதிக் கொடுத்தேன். அதிசயமாக, சேனல் மன்னிப்பு ஒளிபரப்பியது.

"இனிமே ஹெல்மெட் எதுக்குப்பா?" என்றேன்.

"இன்னா சார் நீ! மன்னிப்பு கேக்கசொல்லோ மறுபடியும் என் மூஞ்சியதான போட்டான்? இங்க டிவிக்கு சத்தமே வைக்க மாட்டானுங்க. கீழ ஓடுற எழுத்த எவன் நின்னு படிக்கிறான்? அன்னிக்குப் பாக்காதவனும் இப்ப பாத்துட்டான்."

விதிப்படி எல்லாம் நிறைவேறிவிட்டதால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை. அவர் முன்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிளம்பினார். வண்டி ஏதும் இல்லை, நடந்துதான் போனார்.