இரண்டு பேண்டு செட்டுக்கு நடுவில் அத்தை

என் அத்தை, அய்யாவின் கடைசித் தங்கை, ஜெர்மனியில் என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் ஊருக்கு விளக்குவது சுலபமாக இல்லை. மேடையில் எண்பது பேர் வயலினும் குழலும் வாசிப்பார்கள், இவள் முன்னால் நின்று கைகாட்டி அவர்களை நடத்துவாள் என்று அய்யா சொல்லிப் பார்ப்பார். அவள் எதையும் வாசிக்கமாட்டாளா என்று கேட்பார்கள். மாட்டாள் என்றதும் பேச்சு மிளகாய் விலைக்குப் போய்விடும். டிராபிக் போலீஸ் மாதிரி என்று நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் சித்தப்பா கல்யாணத்துக்கு அத்தை வந்தாள். எப்போதும் ஒரு பெட்டியோடு வருபவள் இந்த முறை மூன்று பெரிய பெட்டிகளோடு வந்தாள். பரமக்குடி வரன் ஒன்று அவளைக் கல்யாண வீட்டிலேயே பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் நான்கு வரன்களைத் தட்டிக்கழித்தவள், சரி என்று தலையாட்டினாள்.

பெண் வீடு தேவிபட்டினம். மாப்பிள்ளை அழைப்பு மாலையில் மண்டபத்தை நெருங்கியபோது முன்னால் எங்கள் பேண்டு செட் போனது. வரவேற்க வந்த பெண் வீட்டாரும் ஒரு பேண்டு செட்டோடு எதிரே வந்தார்கள். இவர்கள் ஒரு சினிமாப் பாட்டு, அவர்கள் வேறொன்று. முதலில் நிறுத்துகிற வீடுதான் இறங்கிப்போன வீடு என்று யாரோ சொல்லிவிட, இரண்டு தரப்பும் விடவில்லை. பெண்ணின் தாய்மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். எங்கள் பெரியப்பா மாப்பிள்ளையைத் திரும்பக் காரில் ஏறச் சொன்னார். சித்தப்பா கழுத்தில் மாலையோடு விழித்துக்கொண்டு நின்றார்.

அத்தை பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வரிசைத் தட்டுகள் வந்த குட்டியானைச் சரக்கு வண்டியின் மேல் ஏறினாள். கொஞ்சநேரம் கண்ணை மூடி இரண்டு பாட்டையும் கேட்டாள். பிறகு பெண் வீட்டுப் பெரிய டிரம் அடிக்கும் கிழவரைப் பார்த்து, அவர் அடிக்கு ஏற்ப வலக்கையை அசைத்தாள். அவர் வியப்பாக நிமிர்ந்தார். அந்தக் கை மெல்ல வேகம் குறைந்தது. கிழவரின் அடியும் குறைந்தது. இடது உள்ளங்கையை எங்கள் பக்கம் நீட்டித் தாழ்த்தினாள். எங்கள் டிரம்பெட்காரர்கள் தங்களை அறியாமல் தணிந்தார்கள். இரண்டு கைகளும் மேலே போய் நின்றபோது எல்லாமே நின்றது. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எந்த வீடு முதலில் நிறுத்தியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"அவுக அவுக பாட்டையே வாசிங்க. என் கைய மட்டும் பாருங்க" என்றாள்.

கை இறங்கியது. எங்கள் பாட்டு ஒரு வரி, அவர்கள் பாட்டு ஒரு வரி, கேள்வியும் பதிலும்போல. பிறகு இரண்டையும் சேர்த்துவிட்டாள். ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த அதே பாட்டுகள்தாம். இப்போது ஒரே பாட்டாகக் கேட்டன. தாய்மாமா மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வண்டிக்குப் பின்னால் அத்தைக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை அழுகுறீக?"

"வேர்வைடி" என்றாள்.

நானும் அதை நம்பி, கேட்டவர்களுக்கெல்லாம் வேர்வை என்றே சொன்னேன். மறுநாள் தாலி கட்டி முடிந்ததும், தான் ஜெர்மனிக்கே திரும்பிப் போகப்போவதாக அய்யாவிடம் சொன்னாள். அய்யா, "போயிட்டு வா. பரமக்குடிக்காரகள்ட்ட நாஞ் சொல்லிக்கிறேன்" என்றார்.

இன்று அத்தை ஊர் ஊராகப் போய் ஆர்கெஸ்ட்ராக்களை நடத்துகிறாள். போன வருடம் பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய மூன்று வருடமும் அங்கே நடத்துபவருக்கு அவள் வெறும் உதவியாளர். ஒத்திகையில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதுதான் வேலை. ஒருநாளும் அவளை முன்னால் நிறுத்தவில்லை. போதும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அன்று நானோ, ஜெர்மனியில் தினமும் செய்வதைத்தான் அத்தை எங்களுக்கும் ஒருமுறை செய்து காட்டினாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.